வெளியே நின்ற நாக்கு

பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கும் நாள் அது. முன்வரிசைப் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டி, கண்ணை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். என்ன நினைத்தாளோ, "முன்னாடி யாரும் உக்கார வேண்டாம். எல்லாரும் எழுந்து பெஞ்சுக்குப் பின்னால வந்து நில்லுங்க கண்ணுங்களா" என்றாள்.

தலைமை ஆசிரியருக்கு முகம் சுளித்தது. "வருஷா வருஷம் உக்கார வச்சுத்தானேம்மா எடுக்கறீங்க?"

"இந்த லென்சுக்குக் கொள்ளாது சார்."

பெஞ்சு தூக்கிப் போடக் கூட வந்த தம்பிக்கு எரிச்சல். போன வருஷம் கொண்ட அதே லென்ஸ்தான். இந்த வருஷம் மட்டும் அதற்கு என்ன வயிற்று வலி? வீட்டுக்கு வந்து, பிரிண்டுகள் கொடியில் காயும்போதுதான் அவனுக்கு உறைத்தது. படத்தில் ஒரு பிள்ளையின் காலும் தெரியவில்லை. முன்வரிசை ஓரத்தில் ஒரு சின்னப் பெண் செருப்பில்லாமல் வந்து, ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தால் மறைக்கப் பார்த்ததை அவனும் பார்த்திருந்தான். பார்த்தான், அதோடு விட்டுவிட்டான்.

"அதுக்காகவாக்கா?"

"எதுக்காக? லென்ஸ் கொள்ளலைடா" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பிரிண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

அக்காவின் சுபாவமே அதுதான். ஒருவர் தலை குனியும் நேரம் வந்தால், பழியைத் தூக்கித் தன் சாமான் மேலோ தன் மேலோ போட்டுக்கொள்வாள். பழி என்ன, கனமா என்பாள்.

தெருவில் அவளுக்கு 'அசையாதக்கா' என்று பெயர். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று அவள் சொல்வதால் வந்த பெயர். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. ஒரு ஸ்டூல், ஒரு நீலத் திரை, இரண்டு விளக்கு, தலை சீவிக்கொள்ள ஒரு கண்ணாடி. குளியலறைக்குப் பக்கத்து இடுக்கு இருட்டறை. புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்ததும், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இந்தத் தொழிலில்தான் அவள் நிமிர்ந்தாள். மகள் நல்ல இடத்தில் கல்யாணமாகி, தொலைதூரத்தில் இருந்தாள். பின்பக்க அறைகளில் தம்பியும் அவன் மனைவியும். நடு அறைக் கட்டிலில் அம்மா.

தம்பி தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். ஓடாத மெஷினைத் தொட்டே நோய் சொல்வான். அதனால் உலகத்தில் உள்ள மெஷினெல்லாம் தனக்குச் சொந்தக்காரர்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

அந்த வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல, படக்காரி வீட்டில் அம்மாவுக்கு ஒரு படம் கிடையாது. முன்பற்கள் விழுந்த நாளிலிருந்து அம்மா கேமராவைக் கண்டால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். "இந்தப் பொக்கை வாயைச் சுவத்துல மாட்டி, வர்றவங்களுக்குப் பயம் காட்டணுமா?" என்பாள். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொன்ன பிறகு அக்காவுக்கு ஒரே கவலை அதுதான். கையை எடுத்துவிட்டு அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு படம். ஒன்றே ஒன்று போதும். "ஆண்டவா, அதை மட்டும் குடுத்துடு" என்று விளக்கணைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்வாள். தம்பிக்கும் அந்த ஆசை இருந்தது. வெளியே சொல்ல மாட்டான்.

ஒரு கல்யாணத்தில், பொண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நிற்கும் நேரத்தில், அக்காவின் கேமரா இறுகி நின்றுவிட்டது. பிலிமைச் சுற்றும் நெம்புகோல் நகரவில்லை. பதறிப்போய், யாரோ விருந்தாளியின் கேமராவைக் கேட்டு வாங்கி எடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். இன்னொரு கேமரா கையில் இருந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவாயிற்று. லென்சுகள் இருக்கின்றன. பாடி மட்டும் வாங்கினால் போதும்.

இந்தப் 'பாடி' என்ற வார்த்தையால் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். தையல் கடையொன்றில் வேலையாக இருந்தபோது, தம்பி கேமரா கடைக்காரருக்குப் போன் போட்டான். "அண்ணே, அக்காவுக்கு ரெண்டாவது பாடி ஒண்ணு பாக்கணும். பழசா இருந்தாலும் பரவாயில்லை, உள்ள பூஞ்சை புடிச்சிருக்கக் கூடாது."

கடையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு வயதான தையல்காரர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். "மனசைத் தேத்திக்கப்பா. முதல்ல போனது யாரு?"

வீட்டில் இதைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டுதான். "ஒரு பாடியை வச்சுக்கிட்டே இந்த வீடு படாத பாடு படுது. இதுல ரெண்டாவது வேறயா? உன் கேமராவுக்கு சக்களத்தி கொண்டாரப் போறியாடி?" அன்று முதல் பழைய கேமரா 'மூத்தவள்' ஆயிற்று. வரப்போவது 'இளையவள்'.

இளையவளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் இழுபறி. அக்கா கேட்டது மூத்தவளைப் போலவே அச்சசலாக இன்னொன்று. "ரெண்டு செருப்பும் ஒரே அளவா இருந்தாத்தான்டா நடக்க முடியும். அவசரத்துல கை தானாப் போகணும். யோசிக்க நேரம் இருக்காது."

தம்பி, பிலிமைத் தானாகவே சுற்றும் மோட்டார் வைத்தது வேண்டும் என்றான். காரணம் அக்காவின் கட்டைவிரல். ஒவ்வொரு படத்துக்கும் நெம்புகோலைத் தள்ளித் தள்ளி, விரலின் அடிமூட்டு வீங்கிப்போயிருந்தது. சாயங்காலத்தில் வெந்நீரில் விரலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தம்பி அதைப் பார்ப்பான். பார்த்து, இந்த முறை சும்மா விடக்கூடாது என்று நினைத்தான். அவன் எண்ணத்தில் குற்றமில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

கடைக்காரர் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று மூத்தவளின் கூடப்பிறந்தது போல இருந்தது. இன்னொன்று கறுப்பாக, தடிமனாக, பொத்தான்கள் நிறைந்தது. அதே கம்பெனிதான். அக்காவின் லென்சுகள் இரண்டிலும் பொருந்தும். அக்கா முதல் கேமராவை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்க்கத் தெருவுக்குப் போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் தோள் நின்ற நிலையிலேயே தம்பிக்குத் தெரிந்துவிட்டது, அக்காவுக்கு மனசு அதில்தான் என்று.

அப்போது கடைக்காரர் மோட்டார் கேமராவைத் தட்டிச் சொன்னார். "இதுல ஒரு விஷயம் இருக்கு தம்பி. முந்தி வச்சிருந்தவரு, அவரு வசதிக்கு இதை மாத்தி வச்சிருக்காரு. ரோல் முடிஞ்சு சுத்தும்போது நாக்கை உள்ள இழுத்துக்காது. வெளியவே விட்டுடும். அக்காகிட்ட மறக்காம சொல்லிடுங்க. வேணும்னா பழையபடி மாத்தித் தர்றேன்."

நாக்கு என்றால், ரோல் டப்பாவின் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிலிமின் நுனி. புது ரோலில் நாக்கு வெளியே இருக்கும். எடுத்து முடித்துச் சுற்றினால் உள்ளே போய்விடும். நாக்கு வெளியே என்றால் புதுசு, உள்ளே என்றால் எடுத்தது. அக்கா பைக்குள் கையை விட்டால் கண்ணால் தேட மாட்டாள். விரலால் நாக்கைத் தடவித்தான் புது ரோலை எடுப்பாள்.

தம்பி தலையை ஆட்டினான். இதைச் சொன்னால் அக்கா அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்பாள். வாங்கியான பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், நாம்தானே மெஷின்காரன், நாமே பொத்தானை அமுக்கி மாற்றிவிடலாம் என்று நினைத்தான். அக்கா உள்ளே வந்ததும், "அக்கா, உன் விரலைப் பாரு. எனக்காக இதை வாங்கிக்க" என்றான்.

அக்கா இரண்டையும் ஒருமுறை பார்த்தாள். தம்பியையும் பார்த்தாள். "சரிடா. நீ சொன்னா சரி" என்றாள். எந்தக் கேமரா நல்லது என்பதற்காக அவள் அதை வாங்கவில்லை. தம்பி ஆசைப்பட்டுவிட்டான் என்பதற்காக வாங்கினாள்.

மறுநாள் காலை கொல்லைப்பக்கம் நல்ல வெயில். கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைப் போட்டு இளையவளைச் சோதித்துப் பார்த்தாள் அக்கா. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கம் திருப்பி அமுக்கினாள். கேமரா 'ங்ஙீய்' என்றது.

அம்மா நிமிர்ந்தாள். "என்னடி இது, ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது?"

அக்கா இன்னொரு முறை அமுக்கினாள். இன்னொரு முறை கத்தியது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையிலும் கீரை. வாயைப் பொத்தக் கை இல்லை. பொக்கை வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர, "ஐயோ நிறுத்துடி, பசிக்குதாம் அதுக்கு, ரெண்டு கீரை போடு" என்று சிரித்தாள். அக்கா விடாமல் அமுக்கினாள். அப்புறம் அம்மாவுக்குச் சுரணை வந்து கீரையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ரோல் முடியும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. போகட்டும், கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அக்காவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தியாக்கா? உன் மூத்தவளா இருந்தா அம்மா சிரிச்சிருப்பாங்களா?" என்றான் தம்பி.

"மாட்டாங்கடா. உன் புண்ணியம்."

முன்னறையில் யாரோ பாஸ்போர்ட் படத்துக்கு வந்து கூப்பிட்டார்கள். அக்கா கேமராவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அதற்குள் மோட்டார் ரோலைச் சுற்றி முடித்திருந்தது. தம்பி பெருமையாகப் பின்கதவைத் திறந்து ரோலை எடுத்தான். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 'ஓ, இதைத்தான் சொன்னாரா' என்று நினைத்தான். அக்கா வந்ததும் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தான். அப்போது அம்மா, "அந்த ஆட்டுக்குட்டியை இங்க குடுடா, நான் பாக்கறேன்" என்று கை நீட்டினாள். ரோலை அக்காவின் தோள்பையில் போட்டுவிட்டுக் கேமராவை அம்மாவிடம் கொண்டுபோனான். அம்மாவும் பிள்ளையும் அதைக் கத்தவைத்துக் கத்தவைத்துச் சிரித்தார்கள். சொல்ல நினைத்தது அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று.

"ரோலை எடுத்துட்டேன்கா, பையில இருக்கு" என்று மட்டும் பிறகு சொன்னான். அக்காவும் சரி, கல்யாண ரோலோடு சேர்த்துக் கழுவிக்கறேன் என்றாள்.

அந்த வாரக் கடைசியில் பேக்கரிக்காரர் வீட்டுக் கல்யாணம். மூத்தவளில் கலர். பேக்கரிக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டதால் இளையவளில் கொஞ்சம் கறுப்பு வெள்ளை. அக்கா கூட்டத்தில் நின்றுகொண்டு பைக்குள் கையை விட்டாள். விரலில் நாக்கு பட்டது. எடுத்துப் போட்டாள்.

கல்யாணம் முடிந்து இரண்டொரு நாளில் அம்மா போய்விட்டாள். காலையில் எழுப்பப் போன தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள். தூக்கத்திலேயே, ஒருவருக்கும் தொல்லை வைக்காமல். நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தலைமாட்டில் வைக்க ஒரு படம் இருக்கா என்றும் கேட்டார்கள்.

"இருக்கு" என்றாள் அக்கா. அழுத முகத்தோடு அவள் அதைச் சொன்னபோது ஒரு நிம்மதி தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனாள். நாக்கு உள்ளே போன கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைத் தேடினாள். பைக்குள் துழாவினாள். கிடைக்கவில்லை. பையைத் தரையில் கவிழ்த்தாள். கறுப்பு வெள்ளை ரோல்கள் எல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன.

பிறகு கல்யாணத்தில் பாதி எடுத்திருந்த ரோலை இளையவளிலிருந்து எடுத்துக் கழுவினாள்.

வெளியே வந்தபோது கையில் ஈரமான பிலிம். பின்பாதி படங்கள் பளிச்சென்று இருந்தன. அதில் எல்லாம் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முன்பாதியில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுத்ததால், அந்தச் சிரிப்பின் குறுக்கே கல்யாணக் கூட்டம். நெற்றியில் யாருடைய முழங்கையோ, கன்னத்தில் நாற்காலிக் கால், திறந்த வாய்க்குள் மாப்பிள்ளையின் கைக்குட்டை.

தம்பி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வீடு நிறைய ஆட்கள். அம்மா நடு அறையில் கிடக்கிறாள். எலும்பில்லாத நாக்கு, எங்கே வேண்டுமானாலும் புரளும் என்பார்கள். அன்று புரண்டது.

"அம்மா உனக்கு அவ்வளவு இளப்பமாப் போயிட்டாங்களா? ஊரான் வீட்டுக் கல்யாணத்தைக் கொண்டுவந்து எங்கம்மா மூஞ்சியில கொட்டி வச்சிருக்கியே! இத்தனை வருஷம் என்ன தொழில் பண்ணினே நீ? ஒரு படம்! பெத்தவளுக்கு ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் துப்பில்லை உனக்கு!"

'எங்கம்மா' என்றான். அவளுக்கு அம்மா இல்லாதது போல.

பிலிம் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா தனக்குத்தானே பேசுகிறவள் போலச் சொன்னாள். "நாக்கு வெளியே இருந்துச்சுடா. என் விரல்ல பட்டுச்சு."

அப்போதுதான் தம்பிக்கு ஞாபகம் வந்தது. கடை, கடைக்காரரின் குரல், கொல்லைப்பக்கம், தன் கையில் இருந்த ரோல், எல்லாம் சேர்ந்து வந்தன. வாயைத் திறந்தான். சுற்றிலும் பெரியப்பா, சித்தி, அக்கம்பக்கத்தார். இவ்வளவு பேர் முன்னால் கத்தியாயிற்று. அதே வாயால் 'தப்பு என்னுது' என்று சொல்ல வேண்டும். அவன் நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது.

கேட்டவர்களிடமெல்லாம் அக்காதான் பதில் சொன்னாள். "என் கவனக்குறைவு பெரியப்பா. நான்தான் பாத்துப் போட்டிருக்கணும்." வாயைப் பொத்திக்கொண்ட படத்தைத்தான் பெரிசாக்கித் தலைமாட்டில் வைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் அக்கா இளையவளைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேமரா நாக்கை ஒழுங்காக உள்ளே இழுத்தது. தம்பி அதைக் கவனித்தான். அவளே பொத்தானை அமுக்கிக் கண்டுபிடித்திருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். கேட்கப் பயம். சாப்பாட்டில் அவன் தட்டுக்கு முதல் கரண்டி வைப்பது, சளி பிடித்தால் நெஞ்சில் தைலம் தேய்ப்பது, எதிலும் அக்கா ஒரு குறை வைக்கவில்லை. அதுதான் அவனை அரித்தது. ஒருநாளாவது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்திருப்பான்.

"கத்தினதுக்கு அண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று அவன் மனைவி அவ்வப்போது கேட்பாள்.

"கேக்கறேன், கேக்கறேன்."

"எப்ப? மறுஜென்மத்துலயா?"

கத்தியதற்கு மட்டும் என்றால் என்றைக்கோ கேட்டிருப்பான். அவளுக்குத் தெரியாதது ஒன்று அடியில் கிடந்தது. கடவுளிடம் சொல்லிவிட்டான். திரும்பத் திரும்பச் சொன்னான். கடவுளிடம் சொல்வது சுலபம். அவர் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அக்கா அடுத்த அறையில் இருந்தாள். அந்த அறைக்கு நடக்கத்தான் அவனுக்குக் கால் வரவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று தள்ளித் தள்ளியே வருஷங்கள் போயின.

அக்காவின் மகளுக்கு உடம்பு சரியில்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. அக்கா கிளம்பினாள். மூத்தவளைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இளையவளைத் தம்பி மேஜைமேல் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். நீ வாங்கிக் குடுத்தது." கூட ஒரு உறையும் வைத்தாள்.

அவள் போன பிறகுதான் உறையைப் பிரித்தான். கெட்டுப்போன ரோலிலிருந்து ஒரு பிரிண்டு. அம்மா சிரிக்கிறாள். அவள்மேல் கல்யாணக் கூட்டம் கலைந்து நிற்கிறது. அத்தனை பேருக்கும் நடுவில் அம்மா, தன் வீட்டுக் கல்யாணம் போல வாயைத் திறந்து சிரிக்கிறாள். அந்தப் படம் இப்போது அவன் பட்டறையில், ஊசிப் பெட்டிகளுக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள், "படத்துல என்னப்பா கோளாறு?" என்று கேட்டால், "என்னால வந்ததுங்க" என்கிறான். இப்போது அது சுலபமாக வருகிறது. கேட்க வேண்டியவள் இல்லை. மகள் வீட்டிலேயே அக்கா கண்ணை மூடிவிட்டாள். அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கடைசியாக அவளைப் பார்த்தது அந்தக் கிளம்பிய நாளில், பஸ் நிலையத்தில். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூத்தவள். தம்பி கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாயிற்று. பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாயிற்று. இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லியாயிற்று. வேறு எதுவும் மிச்சமில்லை. இன்ஜின் உறுமியது.

"அக்கா" என்றான். "அந்தக் கடைக்காரரு... அன்னிக்கு நீ கேமராவை எடுத்துக்கிட்டு வெளிய போயிருந்தப்ப..."

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்களை, வீங்கிய கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"தெரியும்டா. மாத்தக் கொண்டுபோனப்பவே அவரு சொல்லிட்டாரு. கையை எடு, பஸ் நகருது."